ஆயிரம் ஸ்தோத்திரமும் 2,200 படிகளும்

எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் என்பது விடிவதற்கு முன் ஆராதனையில் தொடங்கி, ராத்திரி பத்து மணிக்கு ஓமத் தண்ணீரில் முடிகிற காரியம். பாளையங்கோட்டையில் ஊசிக்கோபுரத்து மணி அடிப்பதற்குள் குளித்தாக வேண்டும். புதுச் சட்டையில் எடுக்க மறந்த ஒரே ஒரு குண்டூசியோடு ஆராதனை முழுக்க நெளிந்தாக வேண்டும். வீட்டுக்கு வந்தால் இட்லியும் கறிக்குழம்பும், மதியம் பிரியாணி, இரண்டுக்கும் நடுவே அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் பலகாரத் தட்டு. இதில் மலையேற்றத்துக்கு இடமே கிடையாது. அன்றைக்கு நான் ஏறுகிற ஒரே உயரம், வாசலில் சாய்ந்துபோன நட்சத்திரத்தைச் சரிசெய்யப் போடும் ஸ்டூல். அதற்கும் கீழே ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும்.

அப்படிப்பட்ட என்னை அறுபத்தோராவது வயதில், அதுவும் கிறிஸ்துமஸ் அன்றைக்கே, நியூசிலாந்து மலை ஒன்றில் ஏற்றிவிட்டார் எங்கள் மாப்பிள்ளை. வரதட்சணை வாங்காத மாப்பிள்ளை என்று ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். தவணை முறையில் முழங்காலாக வசூலிப்பார் என்று அப்போது தெரியாது.

மகளும் மாப்பிள்ளையும் கிறைஸ்ட்சர்ச்சில் இருக்கிறார்கள். டிசம்பர் இரண்டாம் வாரம் நானும் மனைவியும் போய் இறங்கினோம். அந்த நாட்டு விமான நிலையத்தில் பாஸ்போர்ட்டைவிடப் பெரிய விஷயம் சாப்பாடு. கொண்டு வந்ததைச் சொல்லாமல் மறைத்தால் அங்கேயே 400 டாலர் அபராதம். என் மனைவியோ இரண்டு கிலோ முந்திரிக்கொத்து கொண்டு வந்திருந்தாள். அதிகாரி ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெயரில் முந்திரி இருந்தாலும் உள்ளே இருப்பது பாசிப்பயறும் வெல்லமும் தேங்காயும்தான் என்று விளக்கினேன். “அப்படியானால் முந்திரி எங்கே?” என்று கேட்டார். திருநெல்வேலி ஜில்லாவில் தலைமுறை தலைமுறையாக யாரும் கேட்காத கேள்வி. நான் விழித்ததைப் பார்த்து இரக்கப்பட்டோ என்னவோ, விட்டுவிட்டார்.

அடுத்தது என் ஷூ. வ.உ.சி. மைதானத்து மண் அடிப்பாகத்தில் ஒட்டியிருந்தது. வெளிநாட்டு மண்ணோடு விதையும் நோயும் வந்துவிடும் என்று பயப்படுகிற தேசம் அது. உள்ளே எடுத்துப் போய்ச் சுத்தமாகக் கழுவிக் கொடுத்தார்கள். முப்பத்து நாலு வருஷம் வங்கியில் வேலை பார்த்தும் கிடைக்காத மரியாதை.

டிசம்பர் அங்கே நடுக்கோடை. மார்கழி என்று குரங்குக் குல்லாயும் மப்ளருமாகப் போய் இறங்கினால், தெருவில் எல்லோரும் அரை டிராயரில் திரிகிறார்கள். ராத்திரி ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கிறது. விளக்கேற்றி ஜெபம் பண்ணலாம் என்றால் இருட்டு வருவதற்குள் தூக்கம் வந்துவிடுகிறது. ஆனால் கடைக் கண்ணாடிகளில் மட்டும் வெள்ளைப் பனி, பனிச்சறுக்கு வண்டி, கம்பளிக் கோட்டுப் போட்ட தாத்தா. அதைப் பார்த்ததும்தான் எனக்கு ஊர் நினைவு வந்தது. நாங்களும் ஐம்பது வருஷமாகக் குடிலின் மேல் பஞ்சைப் பிய்த்து ஒட்டிப் பனி என்று நம்புகிறவர்கள்தானே!

“மாமா, கிறிஸ்துமஸ் அன்னைக்கு இங்க பெரும்பாலான கடையைத் திறக்கவே சட்டத்துல இடம் இல்ல. வருஷத்துல மூணரை நாள் அப்படி. சும்மா வீட்ல இருந்து என்ன பண்ண? ட்ராம்பிங் போயிருவோம்” என்றார் மாப்பிள்ளை.

அங்கே மலைநடைக்கு அதுதான் பெயர். நான் பள்ளிக்கூடத்தில் படித்த இங்கிலீஷில் ‘ட்ராம்ப்’ என்றால் வீடு வாசல் இல்லாமல் ஊர் ஊராகத் திரிகிறவன். மலையில் இரண்டு நாள் கழித்துக் கண்ணாடியில் என்னைப் பார்த்தபோது, நாங்கள் படித்த அர்த்தத்தில் தப்பே இல்லை என்று தெரிந்தது.

போகிற இடம் மவுண்ட் குக் என்கிற ஆவோராக்கி மலைப் பக்கம். தங்குகிற இடம் முல்லர் ஹட் என்ற மலைக்குடில், 1,800 மீட்டர் உயரத்தில். மாப்பிள்ளை சமையலறைத் தராசை எடுத்துவைத்து ஒவ்வொரு பொருளாக நிறுத்தார். என் விபூதிச் சம்படம் சைஸ் டிரான்சிஸ்டரை எடுத்துவிட்டார். இரண்டு வேட்டியில் ஒன்றை எடுத்தார். கொஞ்சம் யோசித்து இன்னொன்றையும் எடுத்தார். பல்பொடி டப்பாவிலிருந்து நாலு சிட்டிகையைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்து, டப்பாவை அலமாரியில் வைத்தார். வங்கி ஆடிட்டர்கூட இவ்வளவு கறாராக இருந்ததில்லை. குல்லாயை மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. அது அறுபது கிராம்தான்.

என் முதுகுப்பை ஏழு கிலோவில் நின்றது. மறுநாள் காலை தூக்கியபோது பத்துக்குக் குறையாது என்று தோன்றியது. வயசாகிவிட்டால் கிலோவுக்கும் எடை கூடும்போல என்று நினைத்துக்கொண்டு பேசாமல் காரில் ஏறினேன்.

இருபத்து நாலாம் தேதி. கிட்டத்தட்ட நாலு மணி நேரக் கார்ப் பயணம். மெக்கன்சி என்கிற அந்தப் பரந்த பொட்டல் பிரதேசத்தில் அங்கங்கே அழகழகான பைன் மரங்கள். “கிறிஸ்துமஸ் மரம்! எவ்வளவு அழகு!” என்றாள் மனைவி. “அத்தை, அது இங்க களை” என்றார் மாப்பிள்ளை. வெளியிலிருந்து வந்த மரம். காற்றில் விதை பரப்பிப் புல்வெளியை விழுங்குகிறதாம், வெட்டி வெட்டி ஓய்ந்துபோகிறார்களாம். டிசம்பரில் அதில் ஒன்றை வெட்டி வீட்டுக்குக் கொண்டுபோனால் பண்டிகைக்குப் பண்டிகையும் ஆச்சு, ஊருக்கு உபகாரமும் ஆச்சு. எனக்கு உடனே விளங்கிவிட்டது. சீமைக்கருவேலத்துக்கு ஜரிகை சுற்றிவைப்பது மாதிரி.

என் மனைவிக்கு அன்று முழுக்க ஒரே கவலை. பிறந்ததிலிருந்து கிறிஸ்துமஸ் காலை ஆராதனையைத் தவறவிட்டதில்லை; பிரசவமான வருஷம்கூடப் பத்தாம் நாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனவள். டெக்காப்போ ஏரிக்கரையில் 1935-ல் கட்டிய நல்ல மேய்ப்பர் ஆலயம் இருக்கிறது. கல்லால் கட்டிய சின்னக் கோவில். பலிபீடத்துக்குப் பின்னால் சித்திரமோ சிலையோ கிடையாது. ஒரு கண்ணாடி ஜன்னல், அதற்கு அப்பால் ஏரி, ஏரிக்கு அப்பால் மலை. உள்ளே போட்டோ எடுக்கக் கூடாது என்று போட்டிருந்ததால் எல்லோரும் வேறு வழியில்லாமல் ஜெபம் செய்துகொண்டிருந்தார்கள். மனைவி கண்ணை மூடி நின்றாள். வெளியே வந்து, “நாளைக்கு உள்ளதை இன்னைக்கே முடிச்சிட்டேன். அட்வான்ஸ்” என்றாள். வங்கிக்காரன் பெண்டாட்டி.

அடுத்து புகாக்கி ஏரி. அந்த நீலத்தை நம்ப முடியாது. சொட்டு நீலம் கூடிப்போன வேட்டித் தண்ணீர் மாதிரி. பனியாறு நகரும்போது அடியில் கிடக்கிற பாறையை மாவாக அரைக்கிறது, அந்த மாவு தண்ணீரில் மிதக்கிறது, அதில் வெளிச்சம் பட்டு இந்த நிறம் என்றார் மாப்பிள்ளை. “ராத்திரி பகலா கிரைண்டர் ஓடுதுன்னு சொல்லுங்க” என்றாள் மனைவி. புவியியல் அவளுக்குச் சமையலறை வழியாகத்தான் ஏறும். ஆனால் சரியாக ஏறும்.

ஏரியின் கோடியில் ஆவோராக்கி நின்றது. ங்காய் தாஹு என்கிற மாவோரி மக்களுக்கு அது மலை இல்லை, மூத்த அண்ணன். அண்ணன் தம்பிகள் வந்த தோணி தரைதட்டிச் சரிந்தபோது மேல்பக்கம் ஏறி நின்றார்களாம். தெற்குக் காற்று அடித்து நின்ற நிலையிலேயே கல்லாகிவிட்டார்களாம். தலை நரைத்த அந்த நெட்டையன்தான் அண்ணன். 1991 டிசம்பரில் உச்சியிலிருந்து பாறையும் பனியும் சரிந்து விழுந்ததில் குட்டையாகி, 2013-ல் அளந்தபோது 3,724 மீட்டர்தான் இருந்ததாம். வயதானால் மலையே குறைகிறது என்றால், பாஸ்போர்ட்டில் போட்டதைவிட நான் ஒரு அங்குலம் குறைந்ததற்கு யாரைக் கேட்பது?

அந்த மலையுச்சியில் முதன்முதலாக மனிதன் கால்வைத்ததும் ஒரு கிறிஸ்துமஸ் அன்றைக்குத்தான். 1894 டிசம்பர் 25. ஃபைஃப், கிரஹாம், கிளார்க் என்று மூன்று உள்ளூர்க்காரர்கள். இங்கிலாந்திலிருந்து ஃபிட்ஸ்ஜெரால்டு என்கிறவர் வழிகாட்டியோடு மலையேற வருகிறார் என்று கேள்விப்பட்டு, நம் ஊர் மலையில் அசலூரான் முதலில் ஏறுவதா என்று ரோஷத்தில் முந்திக்கொண்டார்கள். இதில் ஃபைஃப் தொழிலால் பிளம்பர். கிறிஸ்துமஸ் அன்றைக்கு ஒரு பிளம்பர் சொன்ன இடத்துக்குப் போய்ச் சேர்ந்தார் என்பதே எனக்கு மலையைவிடப் பெரிய அதிசயமாகப் பட்டது. எங்கள் வீட்டுக் குழாய்க்கு சாதாரணச் செவ்வாய்க்கிழமைகூட யாரும் வருவதில்லை.

கிறிஸ்துமஸ் காலை ஏழு மணிக்கு அடிவாரத்தில் நின்றோம். பலகையில் ‘முல்லர் ஹட் ரூட்’ என்று போட்டிருந்தது. ரூட் என்றதும் எனக்கு நிம்மதி. மதுரை ரூட், நாகர்கோவில் ரூட் மாதிரி ஏதோ என்று. அந்த நாட்டில் ‘ட்ராக்’ என்றால்தான் ஒழுங்கான பாதை. ‘ரூட்’ என்றால் ஆங்காங்கே அடையாளம் நட்டிருப்போம், நடுவில் உன் சாமர்த்தியம் என்று அர்த்தமாம். இதைப் பாதி வழியில்தான் சொன்னார்கள்.

முதல் பாதி படிக்கட்டு. சீலி டார்ன்ஸ் என்கிற குட்டைகள் வரைக்கும் 2,200 படிகள். பழனிக்கு 693 படி என்பார்கள். வங்கி நண்பர்களோடு போனபோது அதற்கே நான் விஞ்ச் டிக்கெட் வாங்கியவன். “இங்க விஞ்ச் எங்க இருக்கு, மாப்ளே?” என்றேன். அவர் அதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டார்.

மனைவி சுடிதார் போட்டு, மூட்டில் பட்டை கட்டி, படிக்கு ஒரு ஸ்தோத்திரம் என்று ஆரம்பித்தாள். எங்கள் பக்கம் ஆயிரம் ஸ்தோத்திரம் சொல்வது என்று ஒரு வழக்கம் உண்டு. அது முடிந்தால் எப்பேர்ப்பட்ட கஷ்டமும் முடிந்துவிடும் என்பது நம்பிக்கை. அவள் ஆயிரத்தை முடித்தபோது, படி பாதிகூட முடிந்திருக்கவில்லை. ஒரு நிமிஷம் மேலே பார்த்தாள். “சரி, இன்னொரு ஆயிரம்” என்று மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினாள். அதுவும் முடிந்து இருநூறு படி மிச்சம் இருந்தது. “இது உங்க கணக்கு, நீங்க சொல்லுங்க” என்று மேலே போய்விட்டாள். நானும் சொன்னேன். என்னுடையது ஸ்தோத்திரம் போல ஆரம்பித்து, ஐயோ என்று முடிந்தது.

வழியில் ஒரு பெரிய தொந்தரவு, வாழ்த்து. கடந்துபோகிற ஒவ்வொருவரும் முகம் மலர “மெரி கிறிஸ்மஸ்!” என்கிறார்கள். பதில் சொல்லாமல் இருக்க முடியுமா? முதல் ஐம்பது படிக்கு முழுசாகச் சொன்னேன். முந்நூறாவது படியில் “மெரி”யோடு நின்றது. ஆயிரத்தில் “மெ”. அதற்கு அப்புறம் கையை மட்டும் தூக்கினேன். பிஷப் ஆசீர்வாதம் கொடுப்பதுபோல் இருந்தது என்று மகள் பிற்பாடு சொன்னாள். எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மாள் அரை டிராயரில் என்னைத் தாண்டி ஏறினார். நான் குட்டைக்குப் போய்ச் சேருமுன் மேலே போய், டீ குடித்து, இறங்கி வந்து இரண்டாவது தடவையும் வாழ்த்தினார்.

குட்டைக்கு மேலே படியும் இல்லை. பாறைக் குவியல், சரளை, ஆரஞ்சு நிற அடையாளக் கம்புகள். கால் வைத்தால் கல் இறங்கிப் போகிறது. இரண்டடி ஏறினால் ஓரடி பாக்கி. நம் வருமான வரி மாதிரி. திடீரென்று எதிர்ப்பக்கம் பெரிய இடி. பருவமழைப் பழக்கத்தில் கை தானாகக் குடையைத் தேடியது. வானமோ துடைத்துவிட்டதுபோல் இருந்தது. எதிரே 3,151 மீட்டர் செஃப்டன் மலையிலிருந்து பனிப்பாளம் உடைந்து விழுகிற சத்தம் அது. கொஞ்ச நேரத்தில் தூரத்தில் இன்னொன்று தூள் மாதிரி சரிந்தது. நாங்கள் பார்த்த பிறகுதான் சத்தம் வந்து சேர்ந்தது.

அப்புறம் அது வந்தது. பாறை இடுக்கில், நடுக்கோடையிலும் கரையாமல் கிடந்த பனி. நிஜப் பனி. ஐம்பது வருஷக் குடில்காரன் நான், மண்டியிட்டுத் தொட்டேன். கரடுமுரடாக, மேலே தூசி படிந்து, ஓரத்தில் பழுப்பேறி, அசல் மீன் மார்க்கெட் ஐஸ். “எப்படிங்க இருக்கு?” என்று கேட்டாள் மனைவி. “நம்ம பஞ்சு இதைவிட வெள்ளை” என்றேன். அவளும் தொட்டுப் பார்த்துவிட்டு, “ஜில்லுனு இருக்கே, அது பஞ்சுல வராதுல்லா” என்றாள்.

நாலு மணி நேரத்தில் ஏறுகிற வழி என்றார்கள். எங்களுக்கு எட்டு ஆனது. முல்லர் ஹட் சிவப்புப் பெட்டி மாதிரி மலைமேல் உட்கார்ந்திருந்தது. 28 படுக்கை. பக்கத்திலேயே ஆலிவியர் சிகரம். எவரெஸ்ட் ஏறிய ஹில்லரி இருபது வயதில், 1939-ல், ஏறிய முதல் பெரிய மலை அது. இந்தக் குடிலை 2003-ல் திறந்துவைத்ததும் அவர்தான். “மாமா, ஆலிவியர் இங்கருந்து கொஞ்ச தூரம்தான்” என்றார் மாப்பிள்ளை. எவரெஸ்டுக்கு இதுதான் முதல் படி என்றால், எனக்கு அந்த முதல் படியே வேண்டாம் என்று ஷூவைக் கழற்றிவிட்டேன். குடில் பொறுப்பாளர் வந்து, ஷூவை வெளியே வைக்காதீர்கள், கியா கொண்டுபோய்விடும் என்றார். கியா என்பது பனிமலையில் வாழும் கிளி. பச்சை உடம்பு, இறக்கைக்கு அடியில் ஆரஞ்சு, மூக்கோ பாக்குவெட்டி. கார் ரப்பரையே உரித்துப் போடுமாம். ஷூவை உள்ளே பத்திரப்படுத்தினேன்.

கிறிஸ்துமஸ் விருந்து தொடங்கியது. மாப்பிள்ளை ஒரு பொட்டலத்தைக் கிழித்துக் கொதிநீரை ஊற்றி, பத்து நிமிஷம் மூடிவைத்தார். ‘வறுத்த ஆட்டுக்கறியும் காய்கறியும்’ என்று மேலே எழுதியிருந்தது. உள்ளே இருந்ததற்கு அது தெரிந்திருக்கவில்லை. ஆளுக்கு நாலைந்து ஆடு வீதம் இருக்கிற தேசத்தில், கிறிஸ்துமஸ் அன்று, கறியை நான் தூளாகச் சாப்பிட்டேன். ஊரில் இந்நேரம் மதியம். பிரியாணி தம் உடைக்கிற நேரம். எனக்குத் தொண்டை அடைத்தது. தூளினாலும் இருக்கலாம்.

அப்போதுதான் மனைவி என் தூக்கப்பையைப் பிரித்து, அதன் நடுவிலிருந்து ஒரு எவர்சில்வர் சம்படத்தை எடுத்தாள். இரண்டு கிலோ முந்திரிக்கொத்து. ஏழு கிலோ பத்தான மர்மம் துலங்கியது. சம்படமும் கொத்துமாக 2,200 படியும் அதற்கு மேலும் சுமந்து வந்தவன் நான். மாப்பிள்ளை தராசு இல்லாத ஊரில் வாயடைத்து நின்றார்.

“கிறிஸ்துமஸும் அதுவுமா அக்கம்பக்கத்துக்குக் கொடுக்காம இருக்க முடியுமா?” என்றாள்.

அக்கம்பக்கம் என்றால் அந்த ஹாலில் இருந்த ஜெர்மன் ஜோடி, ஆஸ்திரேலியக் கல்லூரிப் பையன்கள், இரண்டு குழந்தைகளோடு வந்திருந்த உள்ளூர்க் குடும்பம், இன்னும் பெயர் தெரியாத பத்துப் பன்னிரண்டு பேர். சட்டி மூடியைத் தட்டாக்கி ஆளுக்கு இரண்டு என்று வைத்துக்கொண்டு கீழ்ப் படுக்கை, மேல் படுக்கை என்று வீடு வீடாகப் போனாள். ஜெர்மன்காரர் ஒன்றைக் கடித்தார். கடிபடவில்லை. மரியாதைக்காரர், மறுபடி முயன்றார். எங்கள் முந்திரிக்கொத்து செய்து மூன்று வாரம் ஆனால் ஐஸ் கோடாரி கேட்கும். டீயில் முக்கிச் சாப்பிட வேண்டும் என்று மகள் செய்து காட்டினாள். அதற்கப்புறம் ஹாலில் பேச்சில்லை, கடகட என்று ஒரே சத்தம்தான். செஃப்டன் மலை பனிப்பாளம் உடைப்பதை நிறுத்திவிட்டு இதைக் கேட்டிருக்கும்.

ராத்திரி ஒரு மணிக்கு விழிப்பு வந்தது. கழிவறை வெளியே. குல்லாயை மாட்டிக்கொண்டு போனேன். இருட்டு என்றால் அப்படி ஒரு இருட்டு. நட்சத்திரம் என்றால் அப்படி ஒரு நட்சத்திரம். மொட்டை மாடியில் பார்த்துப் பழகிய ஓரியன் தலைகீழாகத் தொங்கியது. தெற்கே தென்சிலுவை. ஞானிகளுக்கு ஒரே ஒரு நட்சத்திரம் இருந்தது, நேரே தொழுவத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். எனக்கு ஆயிரக்கணக்கில் இருந்தும் கழிவறைக் கதவு கிடைக்கக் கால்மணி நேரம் ஆனது. திரும்பி வரும்போது மூச்சிரைத்ததால், குல்லாயைக் கழற்றிக் கைப்பிடிக் கம்பியில் மாட்டிவிட்டுச் சற்று நின்றேன். அங்கேயே மறந்தும்விட்டேன்.

விடிந்ததும் வெளியே ‘கீ…யா’ என்று ஒரு கூச்சல். போய்ப் பார்த்தால் கிளி ஒன்று என் குல்லாயை மிதித்துக்கொண்டு கம்பியில் உட்கார்ந்திருந்தது. எது காதுப்பக்கம், எது மூக்குப்பக்கம் என்று அதற்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. நான் “ஏய்” என்றேன். அது என்னை ஏற இறங்கப் பார்த்தது. அப்புறம் குல்லாயைக் கவ்விக்கொண்டு, முல்லர் பனியாற்றின் பக்கம் ஒரே பாய்ச்சல். குரங்குக் குல்லாயைக் கிளி கொண்டுபோன கதையை ஈசாப்புகூட எழுதியதில்லை.

கிளம்பும்போது மனைவி சம்படத்தைக் கழுவ எடுத்தாள். கனத்தது. திறந்து பார்த்தால், உள்ளே ஒரு கைப்பிடி செர்ரிப்பழம், பாதிக் கேக், இரண்டு சாக்லேட், நாலு டீ பாக்கெட், முட்டியில் ஒட்டுகிற ஒரு சுருள் பிளாஸ்திரி. யாரும் எதுவும் சொல்லவில்லை. தட்டை வெறுமையாகத் திருப்பக் கூடாது என்று அவர்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ! பிளாஸ்திரியை முட்டியில் ஒட்டிக்கொண்டு, 2,200 படியையும் பக்கவாட்டில், நண்டு மாதிரி, இறங்கினேன்.

அடிவாரத்தில் சிக்னல் வந்ததும் முதல் அழைப்பு அக்காவிடமிருந்து. ஊரில் அப்போதுதான் விடிந்திருந்தது. போனை மனைவியிடம் கொடுத்தேன். அக்காவுக்கு மலையைப் பற்றி ஒன்றும் கேட்க வேண்டியிருக்கவில்லை. வருஷா வருஷம் கேட்பதையே கேட்டாள்.

“முந்திரிக்கொத்து யாருக்கெல்லாம் கொடுத்தீங்க? என்ன திரும்ப வந்துச்சு?”

“ஜெர்மன்காரங்க வீட்டுல இருந்து செர்ரி, மைனி. மேல் பங்க் வீட்டுல கேக்கு. ஆஸ்திரேலியா பையங்க சாக்லேட். உங்க தம்பிக்கு முட்டிக்கு ஒட்டுற பிளாஸ்திரி.”

“பரவாயில்லையே, நல்ல ஆளுங்கதான். குளிருக்குக் குல்லா போட்டானா அவன்?”

“அதைக் கிளி வீட்டுக்குக் கொடுத்தாச்சு, மைனி. அங்கருந்து மட்டும்தான் ஒண்ணும் திரும்பி வரல.”